தாழ்ந்த வாசல்

புனித பூமி என்று பெயர் வாங்கிவிட்ட ஒரு நிலத்தில் எந்தப் பொருளும் தானாக மட்டும் இருக்க முடிவதில்லை. கல் கல்லாக இருப்பதில்லை; யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், யாரோ அதைப் புரட்டியிருக்கிறார். ஒலிவ மரம் என்றால் சமாதானம். கிணறு என்றால் சமாரியப் பெண். துருப்பிடித்த பழைய சாவி என்றால் 1948-ல் விட்டு வந்த வீடு. சுவர் ஒரு பக்கத்தாருக்குப் பாதுகாப்பு, மறு பக்கத்தாருக்குச் சிறை. ஒவ்வொன்றும் வேறொன்றுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு நிற்கிறது. படிமம், குறியீடு என்று நம் சிறுபத்திரிகைகளில் இத்தனை வருஷமாகச் சர்ச்சை செய்தவர்களில் யாரையாவது பெத்லகேமுக்கு அனுப்பி ஒரு வாரம் தங்க வைத்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கவிதையில் குறியீடு பெருத்தால் கவிதை கெடும், அவ்வளவுதான் நஷ்டம். அங்கே அது பெருத்ததில் மனிதர்கள் வீடு இழக்கிறார்கள்.

2018 அக்டோபரில் நான் அங்கே 17 நாள் இருந்தேன். முதல் 8 நாள் தமிழ்நாட்டிலிருந்து போன யாத்திரைக் குழு ஒன்றோடு. அது ஊர் திரும்பிய பிறகு 9 நாள், பெத்லகேமைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒலிவ அறுவடைக்கு உதவ வந்திருந்த கிறிஸ்தவத் தொண்டர்களோடு. ஏறக்குறைய ஒரே இடங்கள்தான். யாத்திரிகனின் கண்ணுக்கும் தொண்டனின் கண்ணுக்கும் அவை ஒன்றாகப் படவில்லை. இந்த வித்தியாசம்தான் இங்கே விஷயம். பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கில்லை. அந்த வகை எழுத்து தமிழில் தேவைக்கு மேல் இருக்கிறது.

*

பெத்லகேமில் இயேசு பிறந்ததாகச் சொல்லப்படும் குகையின் மேல் நிற்கும் ஆலயம் நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழும்பியது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் திரும்பக் கட்டப்பட்டது. இவ்வளவு பெரிய கட்டிடத்துக்கு வாசல் சுமார் நாலடி உயரம். குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. 'தாழ்மையின் வாசல்' என்று அதற்குப் பெயர்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நுழைந்து நிமிர்ந்தவர் என்னிடம் சொன்னார்: "ராசாவானாலும் குனிஞ்சுதான் போகணும்னு ஆண்டவரே வச்சிருக்காரு பாருங்க தம்பி."

வெளியே நின்று அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தால் வேறொரு கதையும் தெரியும். ஜஸ்டினியன் காலத்துப் பெரிய நிலைக்கல் மேலே அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, சிலுவைப்போர் காலத்துக் கூர்வளைவின் கோடு தெரிகிறது. அதற்கும் கீழே இப்போதுள்ள பொந்து. வாசல் படிப்படியாகச் சிறுத்திருக்கிறது. குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்து கொள்ளையிடுகிறவர்களைத் தடுக்கத்தான் இப்படி அடைத்தார்கள் என்பார்கள். பயத்தில் அடைத்த வாசல் பக்திக்குப் போதனையாகிவிட்டது.

டீச்சர் சொன்னதை நான் கேலி செய்யவில்லை. அந்தக் குனிதல் அவர் உடம்பில் உண்மையாக நிகழ்ந்தது, வலித்தது. ஆனால் 'தாழ்மை' என்ற சொல் வந்து வாசல்மேல் உட்கார்ந்ததும் 'பயம்' என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. பயத்தை மறந்தால் அந்தக் கட்டிடத்தின் சரித்திரம் முழுவதும் மறந்துபோகும். குகையில் பதித்திருந்த வெள்ளி நட்சத்திரம் 1847-ல் காணாமல் போனது. எந்தச் சபைக்கு அங்கே என்ன உரிமை என்று கிரேக்கரும் லத்தீனரும் போட்ட சண்டை, கிரேக்கருக்குப் பின்னால் ரஷ்யாவும் லத்தீனருக்குப் பின்னால் பிரான்சும் நிற்க, 1853-ல் தொடங்கிய கிரிமியப் போருக்குப் போய்ச் சேர்ந்த காரணங்களில் ஒன்றாயிற்று. 2002 ஏப்ரலில் பாலஸ்தீன ஆயுததாரிகள் இந்த ஆலயத்துக்குள் புக, இஸ்ரேலிய ராணுவம் வெளியே சூழ்ந்து நிற்க, துறவிகளும் ஊர்க்காரர்களும் உள்ளே அகப்பட்டுக்கொள்ள, முற்றுகை 39 நாள் நீடித்தது. வழிகாட்டி இவற்றை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். பஸ் காத்திருந்தது.

யாத்திரையின் காலக்கணக்கு அப்படி. ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம். வசனம் வாசித்தல், ஒரு சரணம் பாட்டு, ஜெபம், போட்டோ. வசனம் என்ன என்று முன்பே தெரியும். இடம் அதற்குப் படம் போட்ட பக்கம்.

*

மார்க் ட்வைன் 1867-ல் இந்த வழியாகத்தான் போனார். 1869-ல் வந்த அவருடைய 'இன்னசென்ட்ஸ் அப்ராட்' நூலில் பாலஸ்தீனப் பகுதிகளை மறுபடி படித்தேன். கூட வந்த யாத்திரிகர்கள் தங்கள் கையேட்டு ஆசிரியர்கள் அழுத இடத்தில் அழுகிறார்கள், அவர்கள் வியந்த இடத்தில் வியக்கிறார்கள், அவரவர் சபைக்கு ஏற்ற பாலஸ்தீனம் அவரவருக்குக் கிடைத்துவிடுகிறது என்பது அவருடைய கிண்டல். சரியான கிண்டல். ஆனால் ட்வைன் என்ன பார்த்தார்? வறண்ட, ஆளரவமற்ற, சாம்பல் பூத்த ஒரு தேசம். வாக்களிக்கப்பட்ட பாலும் தேனும் இல்லையே என்ற ஏமாற்றம் அவர் கண்ணிலும் இருந்தது. அதுவும் புத்தகத்திலிருந்து வந்த கண்தான். அந்த வெறுமை வர்ணனை பிற்பாடு, 'அங்கே யாரும் இருக்கவில்லை' என்று வாதாடுகிறவர்களுக்குச் சான்றாகப் பயன்பட்டது. யாத்திரிகன் இல்லாததைப் பார்த்தான்; பரிகாசம் செய்தவன் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மாடு மேய்த்துக்கொண்டும் ஒலிவம் பறித்துக்கொண்டும் ஜனங்கள் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன சௌகரியம் உண்டு. மிஷனரிகள் தேரிக்காட்டோரத்தில் வைத்துவிட்டுப் போன பெயர்களில் நாங்கள் வளர்ந்தோம். நாசரேத் என்றால் எனக்குச் சின்ன வயசில் திருச்செந்தூர் ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கினால் பெரிய ஆலயம், பள்ளிக்கூடம், அத்தை வீடு. வேதாகமத்தில் அந்தப் பெயரை முதலில் வாசித்தபோது, இயேசு நம்ம ஊர்ப் பக்கம் எப்போது வந்தார் என்றுதான் யோசித்தேன். பெயர் இடத்தை முழுங்கிவிடாமல் காப்பாற்றிக் கொடுத்தது அந்த ரயில் சத்தம்தான் என்று இப்போது படுகிறது.

*

தொண்டர்களோடு சேர்ந்த மூன்றாம் நாள், எங்களில் நாலு பேரை விடிவதற்கு முன்பே பெத்லகேமின் வடக்கு எல்லையில் உள்ள சோதனைச்சாவடிக்கு அழைத்துப் போனார்கள். எருசலேமில் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சுவரை ஒட்டி, இருபுறமும் கம்பி போட்டு, மேலே தகரம் வேய்ந்த ஒடுங்கிய சந்து. அதில் நாலு மணிக்கே ஆண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் கம்பிமேல் ஏறி, மற்றவர்கள் தலைக்கு மேலாக நகர்ந்து முன்னால் இறங்கினார்கள். பக்கத்திலேயே காப்பி, தேநீர், எள் தூவிய வளைய ரொட்டி வியாபாரம். சந்தின் முடிவில் ஒருவர் ஒருவராகத் தள்ளிக்கொண்டு போகும் இரும்புச் சுழல் கதவு. அதற்கு அப்பால் ஜன்னல்கள். அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு, விரல் ரேகை. ஏழு மணிக்கு வேலையிடத்தில் இருக்க வேண்டியவர்கள் தூக்கத்தை விற்று அங்கே நிற்கிறார்கள்.

உலகத் திருச்சபைகள் மாமன்றம், எருசலேம் சபைத் தலைவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 2002-ல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு. பல தேசத்துக் கிறிஸ்தவர்கள் மூன்று மூன்று மாதம் வந்து தங்கி, சோதனைச்சாவடியிலும் பள்ளிக்கூட வழியிலும் வயலிலும் கூட நிற்பார்கள். பார்த்ததை எழுதி ஐக்கிய நாடுகள் அலுவலகங்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். அன்று காலை அங்கே நின்றவர் ஐரோப்பாவிலிருந்து வந்த, வயதான, முன்னாள் நர்ஸ். கையில் விரலால் அழுத்தினால் ஓர் எண் ஏறும் சின்னக் கருவி. சுழல் கதவைத் தாண்டுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அழுத்தல். அரை மணிக்கு ஒருமுறை தாளில் எண்ணிக்கை, திறந்திருக்கும் ஜன்னல்கள் எத்தனை, பெண்களுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்குமான தனி வாசல் திறந்ததா இல்லையா. திறக்காவிட்டால் ராணுவத்தின் தொலைபேசி எண் ஒன்றைக் கூப்பிட்டுச் சொல்வார். வேறொன்றும் செய்வதில்லை.

எங்களோடு வந்திருந்த இளம் போதகர் ஒருவர் அந்தக் கதவைப் பார்த்து உருகிப்போய், "ஊசியின் காது" என்றார். அந்த அம்மாள் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "இது கதவு. எத்தனை ஜன்னல் இருக்கிறது, எத்தனை திறந்திருக்கிறது, அதைப் பாருங்கள்."

நான் கேட்ட இலக்கிய விமர்சனங்களில் இது நல்ல ஒன்று.

வங்கியில் காசாளர் கூண்டில் சில வருஷம் இருந்தவன் என்ற முறையில் எண்ணுவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கட்டுக்கட்டாகப் பணம் எண்ணும்போது விரல்தான் வேலை செய்யும்; கண் எங்கேயோ இருக்கும். பணத்துக்கு முகம் தேவையில்லை, நாள் முடிவில் டேலி ஆனால் போதும். அந்த அம்மாளின் எண்ணிக்கை வேறு ஜாதி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு முகம் தேவைப்பட்டது. நிமிர்ந்து ஒருவரைப் பார்க்காமல் எண் ஏறாது. சிலர் வணக்கம் சொன்னார்கள், சிலர் முறைத்தார்கள், ஒருவர் அரைத்தூக்கத்தில் சிரித்தார். அவர்களில் எவரும் எதற்கும் உவமையாகவில்லை. அன்றைய எண்ணிக்கை நாலு இலக்கத்துக்குப் போயிற்று.

நம் சபைகளில் 'சாட்சி சொல்வது' என்றால் தன் கதையைச் சொல்வது. தான் எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கி எடுத்தார். கோர்ட்டில் சாட்சி என்றால் நேரம், இடம், எண்ணிக்கை, பார்த்த தூரம். உணர்ச்சி வந்தால் நீதிபதி குறுக்கிடுவார். கிறிஸ்தவத்தின் மிகப் பழைய சொல் ஒன்று அங்கே தன் கோர்ட்டு அர்த்தத்துக்குத் திரும்பி வந்திருப்பதைப் பார்த்தேன். நம் கவிதைக்கும் இரண்டாவது சாட்சிதான் குறைவாக இருக்கிறது.

சோதனைச்சாவடிக்குப் பக்கத்திலேயே ராகேலின் கல்லறை. யூதர்களுக்கு மிகப் பரிசுத்தமான ஸ்தலம். முஸ்லிம்களும் மரியாதை செய்து வந்த இடம். சுவர் வளைந்து போய் அதைப் பெத்லகேமிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. எருசலேம் பக்கமிருந்து பக்தர்கள் பஸ்ஸில் வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் அங்கே போக முடியாது.

சுவருக்கும் ஒரு பொருள்நிலை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1996-ல் எருசலேமில் 18-ஆம் எண் பஸ் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 2000-ல் தொடங்கிய இரண்டாம் எழுச்சியின் வருஷங்களில் சுமார் 1,000 இஸ்ரேலியரும் சுமார் 3,000 பாலஸ்தீனரும் செத்தார்கள். சுவர் கட்டத் தொடங்கியது 2002-ல். பஸ்ஸில் போனவர்களின் பயம் நிஜமானது. ஆனால் சுவரின் வழி பெரும்பாலும் 1949 போர்நிறுத்தக் கோட்டில் போகாமல் மேற்குக்கரைக்குள்ளே போகிறது. 2004-ல் சர்வதேச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. பயத்துக்குக் கட்டிய சுவர் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. பிறப்பாலயத்தின் வாசலைப் போல இதற்கும் ஒருநாள் பக்தியான பெயர் வைத்துவிடுவார்கள் என்ற நினைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

*

ஒலிவ அறுவடை சலிப்பூட்டும் வேலை. மரத்தடியில் படுதா விரித்து, ஏணி சாய்த்து, கையாலோ சின்னப் பிளாஸ்டிக் சீப்பு மாதிரி ஒன்றாலோ கிளையை உருவ வேண்டும். கம்பால் அடித்தால் அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய துளிர் போய்விடும். ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் சோர்ந்துவிடும் மரம் அது. பறித்ததை மூட்டையில் நாள்கணக்கில் வைக்கக்கூடாது. சூடேறி எண்ணெய் கெடும். பெய்த் ஜாலாவில் செக்கு முறைக்கு ஆள் போட்டு வைக்க வேண்டும். பத்து மணிக்கு மரமியா இலை போட்ட தேநீர், ரொட்டி, எண்ணெய், ஸாத்தர்ப் பொடி. மறுபடி ஏணி.

குழுவில் சிலர் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்காரர், அறுபது வயசுக் கிறிஸ்தவர், பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னதை அவர் மகன் மொழிபெயர்த்தான்: கீழே சிந்தியதைப் பொறுக்கிவிட்டு அப்புறம் எடுக்கச் சொல்லுகிறார்.

அவருக்கு அந்த மரம் சமாதானச் சின்னம் இல்லை. அது ஒரு பத்திரம். 1858-ல் உஸ்மானிய அரசு போட்ட நிலச்சட்டத்தின்படி, தொடர்ந்து மூன்று வருஷம் பயிர் செய்யாமல் கிடக்கும் ஒருவகை நிலம் அரசுக்குப் போய்விடலாம். மேற்குக்கரையில் ஏராளமான நிலம் அரசு நிலம் என்று அறிவிக்கப்பட்டதில் இந்தப் பழைய சட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆகவே பறிப்பது அறுவடை மட்டுமல்ல; 'நான் இங்கே பயிர் செய்கிறேன்' என்று வருஷாவருஷம் போடும் கையெழுத்து. எதிர் மேட்டில் சிவப்பு ஓடு போட்ட குடியேற்ற வீடுகள் தெரிந்தன. அவற்றை ஒட்டிய வரிசை மரங்களுக்குப் போக ராணுவம் குறித்துக் கொடுக்கும் நாட்கள் மட்டும்தான் உண்டு. அந்த நாளில் ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் என் வாதமே கொஞ்சம் சிக்கலாகிறது. அந்த மரங்களுக்கு அவர் எங்களை அழைத்துப் போனது எங்கள் கைக்காக அல்ல. அவர் பெண்கள் எங்களைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பறித்தார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் நின்றால் கல் விழுவது குறையும், சிப்பாயின் குரல் ஒரு சுருதி இறங்கும், அதற்காக. பொருளைப் பொருளாகப் பார்க்கப் போனவர்கள் அங்கே குறியீடாக நின்றோம். எங்களுக்குப் பின்னால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு நாங்கள் அடையாளம். ஒன்பது நாள் கழித்து அந்த அடையாளம் விமானம் ஏறிவிடும். நிலத்துக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே எங்களுக்குத் தேநீர் ஊற்றினார்.

*

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 250 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதன் பிறகு காஸாவில் நடந்த போரில் 2025 அக்டோபர் வரை செத்தவர்களின் எண்ணிக்கை, அங்குள்ள சுகாதார அமைச்சின் கணக்குப்படி, 67,000-க்கு மேல். காஸா நகரின் பழைய புனித போர்ஃபிரியஸ் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் 2023 அக்டோபர் 19 அன்று கட்டிடம் இடிந்து விழுந்தது. மேற்குக்கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்த ஏறத்தாழ 1,50,000 பேரில் பெரும்பாலோரின் அனுமதி நின்றுபோனது. அந்தக் கம்பிச் சந்தில் நாலு மணிக்கு நிற்க ஆளில்லை என்று கேள்விப்பட்டபோது அந்த நர்ஸின் தாள்தான் ஞாபகம் வந்தது. வங்கியில் வரவு செலவு ஒன்றுமே இல்லாத நாளிலும் பதிவேட்டில் 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டம் நெரிந்ததை எழுதியவர்கள் கூட்டம் இல்லாததையும் எழுத வேண்டும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பெத்லகேமில் விழா இல்லை. அங்குள்ள லுத்தரன் ஆலயத்தில், முந்தர் ஐசக் போதகராக இருந்தபோது, குடில் வைக்கும் இடத்தில் உடைந்த கான்கிரீட் துண்டுகளைக் குவித்து நடுவே பாலஸ்தீனக் கட்டம்போட்ட துணி சுற்றிய குழந்தை பொம்மையைக் கிடத்தினார்கள். படம் உலகமெங்கும் போயிற்று. குறியீடுதான், சந்தேகமில்லை. இருந்தும் என் மனசில் அது நின்றதற்குக் காரணம், அந்தக் கான்கிரீட் எதையும் குறிப்பதற்கு முன்பே கான்கிரீட்டாக, தன் எடையோடு, கம்பி நீட்டிக்கொண்டு கிடந்ததுதான். வைக்கோலை எடுத்துவிட்டுத் தங்கள் தெருவில் கிடைப்பதை வைத்தார்கள். பொருள் தன் விலையைக் கொடுத்த பிறகு வரும் குறியீடு வேறு, பொருளை விரட்டிவிட்டு உட்காரும் குறியீடு வேறு என்பது இப்போதைக்கு என் முடிவு.

மஹ்மூத் தர்வீஷ் பிறந்த கிராமம் 1948-க்குப் பிறகு இல்லாமல் போயிற்று. ஒரு ஜனத்தின் குரல் என்ற பட்டம் அவருக்குச் சின்ன வயசிலேயே கிடைத்தது; பிற்காலத்தில் அந்தப் பட்டத்தோடு அவர் மல்லாட வேண்டியிருந்தது. 1982-ல் பெய்ரூட் முற்றுகையைப் பற்றி அவர் எழுதிய உரைநடை நூலில், குண்டு விழுந்துகொண்டிருக்கிற காலையில் காப்பி போடுவது பக்கக்கணக்கில் வருகிறது. தண்ணீர் எவ்வளவு, தூள் எவ்வளவு, எப்போது கிளற வேண்டும், அடுப்பங்கரை ஜன்னலைத் தாண்டுவது எப்படி. அந்தக் காப்பி தேசத்தைக் குறிக்கிறது என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு. நான் அவற்றைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் பக்கங்களுக்குப் போனேன். காப்பிதான் இருந்தது.